லைட் மாட்டும் முன் ஃபயர்வால் ஓட்டையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் காரைக்குடியில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கிறவன். ஓடிக்கொண்டிருந்த கார் தீப்பிடித்தது என்று பத்திரிகையில் அவ்வப்போது செய்தி வருகிறது, கடைசியில் மின்கசிவு காரணமாக இருக்கலாம் என்று ஒரு வரி இருக்கும், அதோடு முடிந்துவிடும். எந்த ஒயர், எந்த இடத்தில், அதை யார் இழுத்தார்கள் என்று எழுதினால்தானே படிக்கிறவர் தன் வண்டியில் போய்ப் பார்ப்பார். எல்லாத் தீக்கும் ஒரே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. பெட்ரோல் டியூப் வெடித்திருக்கலாம், எலி கடித்திருக்கலாம், சூடான சைலன்சரில் வைக்கோல் சிக்கியிருக்கலாம். ஆனால் ஒயர் கருகிய வாசனையோடு ஒரு வண்டி வந்தால் நான் முதலில் டார்ச் அடித்துப் பார்க்கிற இடம் ஒன்று உண்டு. வெளியில் வாங்கி மாட்டிய ஃபாக் லைட்டுக்கோ எல்.இ.டி. பாருக்கோ போட்ட ஒயர், எஞ்சின் பக்கத்திலிருந்து உள்ளே சுவிட்சுக்கு வருகிற ஓட்டைதான் அது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், முடிந்தவரை வெட்டாமல் போடுங்கள்.

எஞ்சினுக்கும் நம் காலுக்கும் நடுவில் நிற்கிற இரும்புத் தகட்டைத்தான் ஃபயர்வால் என்கிறோம். பானட்டுக்குள் தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர்கள் இறங்கி ஓடக் கொஞ்ச நேரமாவது கிடைக்க வேண்டும், சாதாரண நாளில் சூடும் புகையும் தண்ணீரும் உள்ளே வரக்கூடாது, அதற்காகத்தான் அது இருக்கிறது. கம்பெனி ஒயர்கள் அதைத் தாண்டுகிற ஒவ்வொரு இடத்திலும் குரோமெட் என்கிற ரப்பர் வளையம் ஓட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். லைட் மாட்டுகிற இடத்தில் என்ன நடக்கிறது என்றால், டிரில் மெஷினை வைத்துப் புதிதாக ஒரு ஓட்டை போட்டு, ஒயரை அப்படியே நுழைத்து, மேலே கொஞ்சம் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி விட்டுவிடுகிறார்கள். டிரில் போட்ட தகட்டின் விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும், விரலை வைத்தால் கீறிவிடும். வண்டி ஓடும்போது எஞ்சின் அதிர்வில் ஒயர் அந்த விளிம்பில் உரசிக்கொண்டே இருக்கிறது. நம் ஊர் சித்திரை வெயிலில் டேப்பின் பசை இளகி, சுற்றியது தானாக அவிழ்ந்து தொங்கும். வண்டியின் பாடி முழுவதும் பேட்டரியின் நெகட்டிவ்தான். பாசிட்டிவ் ஒயரின் தோல் தேய்ந்து செம்பு தகட்டைத் தொட்டதும் ஷார்ட் ஆகிவிடும்.

போன மழைக்காலத்தில் பொன்னமராவதிப் பக்கமிருந்து ஒரு தம்பி பழைய ஜீப் ஒன்றைக் கொண்டுவந்தார். "அண்ணே, ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்குனா ஃபாக் லைட்டு சிமிட்டுது, பல்பை மாத்திக் குடுங்க" என்றார். பல்பில் ஒரு குறையும் இல்லை. டிரைவர் பக்கம் கார்ப்பெட்டைத் தூக்கினேன், அடியில் இருந்த பஞ்சு நனைந்து கிடந்தது. மேலே டார்ச் அடித்தால் கிளட்ச் பெடலுக்குப் பின்னால் ஒரு ஓட்டை, அதைச் சுற்றி வளையமாகக் கரி, விளிம்பில் ஒரு சிவப்பு ஒயர் சாய்ந்து நிற்கிறது. ஒயரை லேசாகத் திருப்பிப் பார்த்தேன். விளிம்பில் பட்ட இடத்தில் மட்டும் தோல் போய், உள்ளே செம்பு இழைகள் சில அறுந்து, சில பச்சை பூத்து, சில புதிது போலப் பளபளத்தன. அந்தப் பளபளத்த இழைகள்தான் தகட்டில் உரசிப் பொறி விட்டுக்கொண்டிருந்தவை. வண்டி குலுங்கும்போது தொடும், உடனே விட்டுவிடும், லைட் சிமிட்டியது அதனால்தான். ஒயரைப் பிடித்துக்கொண்டே பேட்டரி வரை போனேன், வழியில் எங்கும் ஃபியூஸ் இல்லை. அந்த இடத்தைக் காட்டியதும் தம்பி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், அந்த வாரம்தான் வீட்டில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு பிள்ளையார்பட்டி போய்வந்ததாகச் சொன்னார்.

கார் பேட்டரி வெறும் 12 வோல்ட்தானே, தொட்டால் ஷாக்கூட அடிக்காதே என்று பலர் நினைக்கிறார்கள். ஷாக் அடிக்காது, சரி. ஆனால் நேரே ஷார்ட் ஆனால் ஒரு சாதாரண கார் பேட்டரியிலிருந்து நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், எஞ்சினையே சுழற்றி ஸ்டார்ட் செய்கிற வேகம் அது. அவ்வளவும் ஒரு மெல்லிய ஒயர் வழியாகப் போனால் சில வினாடிகளில் செம்பு பழுத்துவிடும், தோல் உருகும், பக்கத்தில் போகிற கம்பெனி ஒயரிங் கட்டும் சேர்ந்து உருகும், சத்தம் வராமல் இருக்க உள்ளே ஒட்டியிருக்கிற பஞ்சும் கார்ப்பெட்டும் பற்றிக்கொள்ளும். இதை நிறுத்தக்கூடியது ஃபியூஸ். ஃபியூஸ் இருப்பது ஒயரைக் காப்பாற்றத்தான், லைட்டுக்காக என்று நினைத்து அதை லைட்டுக்குப் பக்கத்தில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே போட்டால் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வரை வருகிற மொத்த ஒயருக்கும் காவல் இல்லை. பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு ஜாணுக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும்.

எவ்வளவு ஆம்பியர் என்பது கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். 55 வாட் ஹாலஜன் இரண்டு மாட்டினால் 110 வாட், அதை 12-ஆல் வகுத்தால் 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே. நீல நிறத்தில் வருகிற 15 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் போதும், 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் தாராளம். எல்.இ.டி. பார் என்றால் பெட்டியில் அச்சடித்திருக்கிற வாட்டை அப்படியே நம்ப வேண்டாம், எரியவிட்டு மீட்டரில் அளந்து பார்த்து அதற்கேற்ற ஃபியூஸ் போடுங்கள். ஃபியூஸ் போட்டால் லைட் டிம் அடிக்கும் என்று ஒரு பேச்சு இருக்கிறது, அது தப்பு. ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று பச்சை நிற 30 ஆம்பியரை மாட்டுவதும், சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுருட்டிச் சொருகுவதும் இன்னும் நடக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது என்றால் எங்கோ ஒயரின் தோல் உரிந்திருக்கலாம், காரணத்தைக் கண்டுபிடிக்கிற வரை லைட்டைக் கழற்றி வையுங்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ஜீப்பில் இருந்தது போல விட்டு விட்டு உரசுகிற ஒயர், ஃபியூஸ் போகிற அளவுக்குக் கரண்ட் இழுக்காமலேயே பொறி விட்டுக்கொண்டிருக்கலாம். ஃபியூஸ்தான் இருக்கிறதே என்று ஓட்டையில் ரப்பர் போடாமல் விடக்கூடாது என்பது அதனால்தான்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பதற்கு வருகிறேன். லைட்டுக்கான கனமான கரண்ட் ஃபயர்வாலைத் தாண்டி உள்ளே வரவே வேண்டியதில்லை. பேட்டரியிலிருந்து கனமான ஒயரை உள்ளே சுவிட்ச் வரை கொண்டுவந்து, மறுபடியும் அதே ஓட்டை வழியாக வெளியே லைட்டுக்குக் கொண்டுபோவது ரிலே இல்லாத வேலை. சின்னக் கரண்டில் இயங்கிப் பெரிய கரண்டைத் திறந்து மூடுகிற சுவிட்சைத்தான் ரிலே என்கிறோம். ரிலே இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற சுவிட்ச் சில மாதத்தில் சூடாகி உருகும், ஓட்டையில் எந்நேரமும் முழுக் கரண்டும் உரசிக்கொண்டிருக்கும். ஒரு நாலு பின் ரிலேயைப் பானட்டுக்குள்ளேயே பேட்டரி பக்கத்தில் மாட்டினால் கதை மாறிவிடுகிறது. 30 என்று எழுதிய பின்னில் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வருகிற ஒயர், 87-இல் லைட்டுக்குப் போகிற ஒயர், இரண்டும் வெளியிலேயே இருந்துவிடும். 85, 86 இரண்டும் ரிலேயை இயக்குகிற காயிலுக்கு, அதாவது உள்ளே இருக்கிற கம்பிச்சுருளுக்கு. காயில் இழுப்பது கால் ஆம்பியர்கூட இல்லை, ஆகவே உள்ளே போவது ஒரு மெல்லிய ஒயர் மட்டும்தான்.

அதிலும் ஒரு படி மேலே போகலாம். 86-க்கு ஹை பீம் ஒயரிலிருந்தோ, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற ஒரு ஒயரிலிருந்தோ சின்ன ஃபியூஸ் வைத்து பாசிட்டிவ் கொடுத்துவிட்டு, 85-இலிருந்து உள்ளே சுவிட்சுக்கு ஒயர் கொண்டுபோய், சுவிட்சின் மறுமுனையை பாடியில் எர்த் செய்துவிட்டால் போதும். இப்படிச் செய்தால் ஃபயர்வாலைத் தாண்டுகிற ஒயர் என்றைக்காவது தேய்ந்து தகட்டைத் தொட்டாலும் லைட் தானாக எரியும், அவ்வளவுதான். தீ இல்லை, புகை இல்லை, எங்கோ பழுது என்று வண்டிக்காரருக்கும் உடனே தெரிந்துவிடும். இதற்குக் கூடுதல் செலவு ஒன்றும் கிடையாது. எங்கள் தொழிலில் இருக்கிற தம்பிமார் இந்தப் பழக்கத்துக்கு வர வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். புது மாடல் கார்களில் மட்டும் ஹெட்லைட் ஒயரில் கீறி எடுக்காமல் இருப்பது நல்லது, அந்த வண்டிகளின் கம்ப்யூட்டர் கரண்ட் வித்தியாசத்தைக் கண்டுபிடித்து டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிடும். ஒயரை வெட்டாமல் சொருகிக்கொள்ளத் தனியாக வருகிற கப்ளர் செட்டை வாங்கிப் போடலாம்.

ஓட்டை போட வேண்டிய அவசியமே பல வண்டிகளில் இல்லை. கம்பெனி ஒயரிங் கட்டு உள்ளே வருகிற பெரிய ரப்பரிலேயே ஓரத்தில் ஒரு மூடிய முனை இருக்கும், அதன் நுனியை வெட்டினால் ஒரு ஒயர் போக இடம் கிடைக்கும். இடது பக்க ஸ்டியரிங் வைத்தும் விற்கிற மாடல்களில் எதிர்ப்பக்கத்தில் பயன்படாத ஓட்டைகளை ரப்பர் மூடி போட்டு அடைத்திருப்பார்கள், அதில் சின்னதாகத் துளையிட்டு ஒயரை இழுக்கலாம். ஒயருக்கு சோப்புத் தண்ணீர் தடவி, ஒரு நீளமான கேபிள் டையில் கட்டி இழுத்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும், ஸ்குரூடிரைவரை விட்டுக் குத்தி ரப்பரைக் கிழிக்க வேண்டாம். ஸ்டியரிங் ராடு போகிற ஓட்டை, கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் போகிற ஓட்டை, இவை வழியாக மட்டும் ஒயர் கொண்டுபோகவே கூடாது. அசைகிற பாகத்தில் ஒயர் சிக்கினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

வேறு வழியே இல்லை, துளை போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். இரண்டு பக்கமும் கையை விட்டுப் பாருங்கள், பிரேக் பூஸ்டர், பிரேக் குழாய், ஏ.சி. கூலிங் காயில், கம்பெனி ஒயரிங் எல்லாம் அந்தத் தகட்டை ஒட்டித்தான் இருக்கின்றன. மஞ்சள் ஸ்லீவ் போட்ட ஒயர் தெரிந்தால் அது ஏர்பேக், அந்தப் பக்கமே போக வேண்டாம். எலக்ட்ரிக் கார், ஹைபிரிட் காரில் ஆரஞ்சு நிறக் கேபிள்களில் உயிரை எடுக்கிற வோல்ட் ஓடுகிறது, அந்த வண்டிகளின் ஃபயர்வாலில் டிரில் வைக்கவே வைக்காதீர்கள். சாதாரண வண்டியில் துளை போட்டதும் பிசிறை அரத்தால் ராவி, வெறும் இரும்பு தெரிகிற விளிம்பில் துரு பிடிக்காத பிரைமர் தடவிக் காயவிட்டு, அளவான குரோமெட்டைப் போட்டு, ஃப்ளெக்ஸிபிள் பைப்புக்குள் ஒயரை விட்டு, மிச்ச இடைவெளியை சிலிக்கான் வைத்து அடையுங்கள். வெளிப்பக்கம் ஒயர் ஓட்டைக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி மேலேறி உள்ளே போகும்படி விட்டால், மழைத் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், உள்ளே வராது. ஜீப்பில் பஞ்சு நனைந்ததற்கு அந்த வளைவு இல்லாததுதான் காரணம்.

கூடுதல் லைட் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் கூடுதல் லைட் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். பழைய வண்டிகளில், 2014-ல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், ஹெட்லைட் கரண்ட் முழுவதும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். சுவிட்ச் தேய்ந்து, எர்த் துருப்பிடித்து, பல்பு வரை போய்ச் சேர்வதற்குள் வோல்ட் இறங்கிவிடும். ஹாலஜன் பல்பில் வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும். ஹெட்லைட்டுக்கு ஒரு ரிலே செட் போட்டு, எர்த்தைச் சுரண்டி இறுக்கி, மங்கிய ரிஃப்ளெக்டரை மாற்றினாலே ரோடு தெளிவாகத் தெரியும். முதலில் அதைச் செய்து பாருங்கள், அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் ஃபாக் லைட்டைப் பற்றி யோசிக்கலாம்.

செட்டிநாட்டுக்கே உரிய ஒரு விஷயமும் இருக்கிறது. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோனாபட்டு மாதிரி ஊர்களில் வீட்டுக்காரர்கள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்க, பெரிய வீட்டின் பின்கட்டில் கார் மாதக்கணக்கில் மூடிக் கிடக்கும். கல்யாணம், படைப்பு, கோயில் திருவிழா என்று வரும்போதுதான் துணியை எடுத்து ஸ்டார்ட் செய்வார்கள். ரப்பர் போடாத ஓட்டை ஒன்று ஃபயர்வாலில் இருந்தால் எலிக்கு அது வாசல். உள்ளே வந்து சீட்டுப் பஞ்சைப் பிய்த்துக் கூடு கட்டி, கையோடு ஒயரையும் கடித்து வைத்திருக்கும். அப்படிக் கிடந்த வண்டியை எடுக்கும்போது வாட்ச்மேனையோ டிரைவரையோ நேரே சாவியைத் திருப்பச் சொல்லாதீர்கள். பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள், வந்ததும் பானட்டைத் திறந்து ஒரு முறை எல்லா ஒயரையும் பார்த்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள். அண்ணன் ஆச்சிமார் எல்லாருக்கும் நான் கடையில் சொல்வதுதான் இது.

சட்டமும் இதில் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வண்டியில் மாற்றம் செய்வதைக் கட்டுப்படுத்துகிறது, 2019-இல் திருத்திய 182ஏ பிரிவின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம். எதிரே வருகிறவரின் கண் கூசும்படி லைட் இருக்கக்கூடாது என்று விதி தெளிவாக இருக்கிறது. தைப்பூச நேரத்தில் குன்றக்குடியிலிருந்து திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்குக் காவடியோடு நடந்து போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், எதிரே எல்.இ.டி. பார் போட்ட வண்டி வந்தால் கால் எங்கே வைக்கிறோம் என்றே தெரியாது என்பார்கள். அந்த வெளிச்சத்தில் கண் கூசுகிற எதிர் வண்டி டிரைவருக்கோ, நடந்து போகிறவரையே தெரியாது. தீப்பிடித்த பிறகு இன்சூரன்ஸ் கேட்டால் ஒயரிங்கை வெட்டி ஒட்டியிருக்கிறது என்று அவர்கள் கை விரிக்கவும் வாய்ப்பிருக்கிறது.

வட்டாரப் போக்குவரத்து அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு வருகிற டாக்சி, லோடு வண்டிகளில் கூடுதல் லைட் கண்ணில் பட்டால் கழற்றச் சொல்லி அனுப்புகிறீர்கள். லைட்டை மட்டும் கழற்றிவிட்டு, உயிரோடு இருக்கிற பாசிட்டிவ் ஒயரை டேப் சுற்றி உள்ளேயே தொங்கவிட்டுக் கொண்டுவருகிறார்கள். எஃப்.சி. முடிந்ததும் மறுபடி மாட்டிக்கொள்ளலாமே என்றுதான். பானட்டைத் திறந்து பேட்டரி முனையில் எத்தனை ஒயர் ஏறியிருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள், ஃபியூஸ் இல்லாத ஒயர் எது இருந்தாலும் அடியோடு எடுக்கச் சொல்லுங்கள். புதுவயல் அரிசி ஆலைகளுக்கு இரவும் பகலும் ஓடுகிற சின்ன லோடு வண்டிகளில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அந்த டிரைவர்கள் பலர் வண்டிக்குள்ளேயேதான் படுத்துத் தூங்குகிறார்கள்.

பேட்டரியையும் துருவையும் ஆராய்கிற மத்திய அரசு ஆய்வு நிறுவனமான சிக்ரி 1953-லிருந்து நம் ஊரில்தான் இருக்கிறது, பாலிடெக்னிக்கும் இன்ஜினியரிங் கல்லூரியும் பக்கத்திலேயே இருக்கின்றன. எங்களைப் போலக் கடையில் நின்று தொழில் கற்றவர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒயர் அளவு, ஃபியூஸ் கணக்கு, ஒயர் முனையில் லக் அமுக்குகிற முறை, துரு தடுப்பு, புது கார்களின் மின்சுற்று இவற்றைச் சொல்லிக்கொடுத்தால் நிச்சயம் வருவோம். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் எல்லா இடத்திலிருந்தும் ஆட்களைக் கூட்டிவர நான் பொறுப்பு எடுத்துக்கொள்கிறேன்.

வண்டி வைத்திருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். ரிலே, ஃபியூஸ் ஹோல்டர், குரோமெட், ஃப்ளெக்ஸிபிள் பைப் எல்லாம் சேர்ந்து சில நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும். லைட் மாட்டி முடித்ததும் பணம் கொடுப்பதற்கு முன் பானட்டைத் திறக்கச் சொல்லுங்கள், பேட்டரி பக்கத்தில் ஃபியூஸ் எங்கே என்று கேளுங்கள், உள்ளே குனிந்து ஒயர் வருகிற ஓட்டையில் ரப்பர் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். ஏற்கெனவே மாட்டிய வண்டி என்றால் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். குலுங்கும்போது லைட் சிமிட்டினாலோ, மழை பெய்தால் கால் பக்கம் கார்ப்பெட் நனைந்தாலோ, அன்றைக்கே அந்த லைட்டுக்குப் போகிற பாசிட்டிவ் ஒயரை பேட்டரியிலிருந்து கழற்றிவிட்டு அப்புறம் எலக்ட்ரீஷியனிடம் போங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன்,
காரைக்குடி